மூன்று நொடி

முருகன்குறிச்சி மாடியறையில்
மின்விசிறியை நிறுத்திவிட்டு
போர்வைக்குள் மைக்கோடு புகுந்துகொண்டு
நான் பார்க்காத ஊரைப் பேசுகிறேன்.
நிமிடத்துக்கு நூற்றிருபது ரூபாய்.

'வணக்கம். ஸால்ஸ்புர்க் உங்களை வரவேற்கிறது.
இதோ, உங்கள் வலப்பக்கம் ஆறு.'
என் வலப்பக்கம் பீரோ.
பீரோவுக்கு அந்தப்பக்கம் நாகர்கோவில் பஸ்ஸின் ஹாரன்.
மறுபடியும் முதலிலிருந்து.

சென்னையிலிருந்து ரகோத்தமன் சொல்கிறார்:
"அருமை ஹெப்சிபா மேடம்.
ஆனா கொஞ்சம் திருநெல்வேலி அடிக்குது."
அடிக்கத்தான் செய்யும்.
தண்ணி அப்படி.

அந்த ஊர்ப்பெயரைப் பிரித்தால் உப்புக்கோட்டை.
மலையைக் குடைந்து எடுத்த உப்பு
படகேறி ஆற்றோடு வந்ததாம்.
துறைக்குத் துறை வரி கட்டி
மெல்ல மெல்ல மாளிகையாகவும்
கோபுரமாகவும் உறைந்ததாம்.
எங்கள் ஊர்ப்பெயரைப் பிரித்தால் நெல்லும் வேலியும்:
காயப்போட்ட நெல்லை நனைக்காமல்
சுற்றிலும் பெய்த மழையின் கதை.
நெல்லும் உப்பும் ஒரே உலையில் சேர
இரண்டு விமானம் மாறவேண்டும்.
மாறுகிறவர்களின் காதுக்குத்தான் என் குரல்.

நிறுத்தம் நான்கு, கோட்டை.
ஆயிரத்து எழுபத்தேழில் தொடங்கியது.
கம்பி இழுக்கும் ரயிலில் மேலே போகலாம்.
முற்றுகைக் காலத்துக் கதை ஒன்று உண்டு:
உள்ளே மிச்சம் ஒரே ஒரு காளை.
தினம் ஒரு வண்ணம் பூசி
மதில்மேல் நடத்தினார்களாம்.
'இன்னும் இத்தனை மாடா' என்று
எதிரி மூட்டை கட்டினானாம்.
பிரவுன் என்று எழுதியிருந்ததை
செவலை என்றேன்.
கறுப்பும் வெள்ளையும் கலந்ததை மயிலை என்றேன்.
ரகோத்தமன் ஒன்றும் சொல்லவில்லை.
மேலப்பாளையம் சந்தையில் இந்த வித்தை
ஒரு செவ்வாய்க்கிழமை காலைகூடத் தாங்காது.
வாலைத் தூக்கி, பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுவார்கள்.

எங்கள் கோட்டைக்கு முற்றுகைக் கதைகூட மிஞ்சவில்லை.
வாசல் ஒன்று மிஞ்சியது.
அதன்மேல் போலீஸ் ஸ்டேஷன் வைத்தார்கள்.

நிறுத்தம் ஒன்பது, சதுக்கம்.
முப்பத்தைந்து மணிகள் சேர்ந்து பாடும்.
தாளில் முகம் அச்சடித்த சாக்லேட் உருண்டைகளை
எங்கே மலிவாக வாங்கலாம் என்பதற்கு
நாற்பது நொடி.

நிறுத்தம் பதினொன்று, ஒரே வரி.
'ஆயிரத்து எழுநூற்று முப்பத்தொன்றில்
சிலர் இந்நாட்டை விட்டு வெளியேறினர்.
அடுத்து, பூங்கா.'

சிலர் என்றால் எத்தனை பேர் என்று தேடினேன்.
ஏறக்குறைய இருபதாயிரம்.
மலைச்சரிவில் உழுதவர்கள், சுரங்கத்தில் வெட்டியவர்கள்.
பேராயருக்கும் அவர்களுக்கும்
புத்தகம் ஒன்றுதான், வாசித்த விதம் வேறு.
நிலமில்லாதவருக்கு எட்டு நாள் கெடு.
நவம்பர் மாதம்.
எட்டு நாளில் என்ன எடுப்பாய்?
பிள்ளையை, போர்வையை,
பலகைக்கடியில் ஒளித்த புத்தகத்தை.
ஆட்டை யாரிடம் விடுவாய்?

நான் முதலூர்க்காரி.
அடிபட்டு ஓடிவந்தவர்கள்
தேரிமணலில், பனைகளுக்கு நடுவே கிணறு தோண்டி
இதுதான் முதல் ஊர் என்று பேர் வைத்த இடம்.
ஆகவே எனக்கு அந்த வினைச்சொல்லைத் தெரியும்.
'வெளியேறினர்' என்று
வெளியேறியவர்கள் எங்கேயும் சொல்வதில்லை.

எழுதிக்கொடுத்ததை மாற்றக்கூடாது.
ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து.
சும்மா இருப்பதைப் பற்றி
ஷரத்து எதுவும் இல்லை.

'வெளியேறினர்' என்றேன்.
மூன்று நொடி பேசவில்லை.
போர்வைக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.
அந்த நேரம் பார்த்து
ஊசிக்கோபுரத்து மணி ஒன்று அடித்தது.
'அடுத்து, பூங்கா.'

"பதினொண்ணுல ஒரு கேப் விழுது மேடம்,
பின்னாடி ஏதோ மணிச்சத்தம். வெட்டிரவா?"
"அந்த ஊர் மணின்னு நெனச்சுக்கிடுவாங்க, விடுங்க."
அவர் யோசித்தார்.
விட்டுவிட்டார்.

பாலத்தில் நிற்கும் ஏதோ ஒரு வள்ளியூர்க் குடும்பம்
எந்தக் கோபுரம் என்று அண்ணாந்து தேடலாம்.
தேடாமல் செல்ஃபி எடுக்கலாம்.

மாதக் கடைசியில் பில் அனுப்பினேன்,
அந்த மூன்று நொடிக்கு
ஆறு ரூபாயும் சேர்த்து.